கரண்ட் வைக்கும்போது தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது? சிஸ்டர் பதில் சொல்கிறார்

மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட்’) எடுப்பவர்களின் தோலைப் பற்றி மட்டும் கேளுங்கள். கதிர்வீச்சுப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், வீடு குழித்துறை. ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாம் உங்கள் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

களியக்காவிளை: அம்மாவுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 15 தடவை கரண்ட். தொடங்கி ஒரு வாரம் ஆச்சு, தோலில் ஒன்றுமே இல்லை. தப்பித்தோமா சிஸ்டர்?

அதற்குள் சொல்ல முடியாது மக்கா. மேல்தோலுக்கு அடியில் புதுச் செல்லை உண்டாக்கும் அடுக்கு ஒன்று உண்டு. கதிர் அங்கேதான் வேலையைக் காட்டும். மேலே உள்ள பழைய தோல் வழக்கம்போல உதிரும், ஆனால் அந்த இடத்துக்குப் புதுசு வந்து சேராது. அதனால் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். 15 தடவை மூன்று வாரத்தில் முடிந்துவிடும், தோல் மோசமாவது அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில். ஆஸ்பத்திரி அலைச்சல் ஓய்ந்தது என்று எல்லோரும் அசந்துவிடுகிற நேரம் அது. அப்புறம் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். முன்பு வழக்கமாக இருந்த 25 தடவையைவிட 15-ல் தோல் பாதிப்பு குறைவு, அது ஒரு நல்ல செய்தி.

தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு எடுத்துத் தெரியாது. கருத்துப்போவது, தொட்டால் சூடு, அரிப்பு, தோல் இழுக்கிற மாதிரி இருப்பது, இவற்றைப் பாருங்கள். முக்கியமாக அக்குளும் மார்புக்கு அடி மடிப்பும். நின்றபடி கண்ணாடி பார்த்தால் மடிப்பு தெரியாது. படுக்கவைத்து, மார்பைக் கையால் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம்: தண்ணீரே படக்கூடாது என்கிறாள் மைனி. குளிக்கலாமா?

குளிக்கணும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை மடிப்பில் தங்கினால் அதுவே புண்ணாக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு, வெறும் கை போதும். நார் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் போட்டிருக்கும் கோட்டைத் தேய்க்காதீர்கள், மங்கினால் நீங்களே பேனாவால் வரையவும் வேண்டாம். தோல் ஆறும்வரை ஆறு, குளம் பக்கம் போகவேண்டாம்.

கற்றாழை?

சாதாரண ஈரப்பதக் கிரீமைவிட மேல் என்று ஆய்வுகளில் நிலைக்கவில்லை. தோட்டத்தில் அறுத்து அப்படியே பூசாதீர்கள், அதன் மஞ்சள் பால் அரிக்கும்.

மார்த்தாண்டம், இன்னொருவர்: தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற உருக்கெண்ணெயைப் பச்சைப்பிள்ளைக்கே தேய்க்கிறோம். இதற்கு ஆகாதா?

குலசேகரம் அண்ணன் குறுக்கே: எண்ணெயோடு கரண்டுக்குப் படுத்தால் தோல் பொரிந்துவிடும்!

மறுபடி மார்த்தாண்டம்: கிரீம் விற்கிறவன் கட்டின கதை அது.

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பொரியாது அண்ணே. மெஷினிலிருந்து வருவது அதிக ஆற்றலுள்ள எக்ஸ்ரே. அது எண்ணெயைக் காய்ச்சாது, படுத்திருப்பவருக்குச் சூடே தெரியாது. விஷயம் வேறு. இந்தக் கதிர் தோலின் மேற்பரப்பில் குறைவாகவும் சற்று உள்ளே போய் முழுசாகவும் சேரும், அதனால்தான் தோல் ஓரளவு பிழைக்கிறது. மேலே தடிமனாக எதையாவது அப்பினால் அந்த முழு அளவு தோலுக்கே வந்துவிடும். தோலுக்கே டோஸ் வேண்டிய சிலருக்கு டாக்டர்களே ‘போலஸ்’ என்று ஒரு தகட்டைப் போட்டுத்தான் வைப்பார்கள். தோலில் ஊறிப்போன மெல்லிய பூச்சால் அப்படி ஒன்றும் ஆகாது.

எண்ணெயில் எனக்குள்ள சண்டை, அது கோட்டை அழிக்கும், மடிப்பில் பிசுபிசுக்கும் என்பதுதான். தோல் கிழியாமல் இருந்து, டாக்டரும் சரி என்றால், ராத்திரி கோடு இல்லாத இடத்தில் கொஞ்சமாகத் தடவலாம். தோல் உரிந்த இடத்தில் ஒரு சொட்டும் கூடாது. ஆய்வில் பலன் தெரிந்தது எதுவென்றால், தொடக்கத்திலிருந்தே போடும் மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீமும், தோலில் ஒட்டும் சிலிக்கோன் படலமும். ஸ்டீராய்டை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

பாறசாலை: சிஸ்டர், அப்போ வெந்த வெளிச்செண்ணெய்?

அதுவும் எண்ணெய்தான்.

நல்லெண்ணெய்?

மேலே சொன்னதையே படியுங்கள்.

அருமனை: அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டை ஆலை) உடைக்கிற வேலை. அக்குள் நெறிக்கட்டியை எடுத்தாச்சு, கரண்டும் முடிஞ்சு ரெண்டு மாசம். வேலைக்குப் போகலாமா?

இப்படிக் கேட்டால்தான் எனக்கும் பதில் எழுதத் தோன்றும். அண்டித்தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் நல்ல கையே வெந்து உரியும், உங்களுக்குத் தெரியாததா? நெறிக்கட்டி எடுத்த கையில் நிணநீர் வடியும் வழி குறைந்துபோயிருக்கிறது. சின்னப் பொள்ளல், கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் கை முழுக்க வீங்கலாம், அந்த வீக்கம் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றாலும் உடைக்கிற இடத்தை விட்டுத் தரம் பிரிக்கிற இடத்துக்கு மாற்றித்தரக் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் கையுறை இல்லாமல் உட்காராதீர்கள். வளையல் இறுக்குகிறது, ஒரு பக்கம் ஜாக்கெட் கை பிடிக்கிறது என்றால் அதுதான் முதல் அடையாளம். கை சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பேத்தியைத் தூக்கலாமா?

தாராளமாக. வெளியிலிருந்து வைக்கும் கதிர் உடம்பில் தங்காது.

மார்புக்கு அடியில் தோல் வழன்று நீர் வடிகிறது. பவுடர் போடவா?

போடாதீர்கள். இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் கதிர்வீச்சுப் பிரிவுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். புண்ணில் ஒட்டாத டிரஸ்ஸிங் அவர்கள் வைப்பார்கள், பிளாஸ்திரியை அந்தத் தோலில் ஒட்டக்கூடாது. காய்ச்சல், சீழ், நாற்றம் இருந்தால் காலை விடியக் காத்திருக்கவேண்டாம்.

உருக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து...

கோடு! கோடு! அடுத்த ஆள்.

கொல்லங்கோடு: ஒரு வருஷம் ஆகியும் கருப்பு போகவில்லை. வெள்ளையாக்கும் கிரீம் போடலாமா?

வேண்டாம்மா. அந்த மாதிரிக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருக்கும். கருப்பு மாதக்கணக்கில் மெல்லத்தான் வெளுக்கும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். அந்தத் தோலுக்கு வெயில் இனி எப்போதுமே ஆகாது. கழுத்து மூடின ஜாக்கெட் போடுங்கள், திறந்த இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவுங்கள். புதுசாகத் தடிப்போ கட்டியோ தட்டுப்பட்டால் அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.