படர்தாமரை: கேள்வி பதில்

இடுப்பில் வட்டமாகச் சிவந்திருக்கிறது. படர்தாமரையா, கரப்பானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளிம்பைப் பாருங்கள். படர்தாமரை என்றால், அதை உண்டாக்கும் பூஞ்சை மும்முரமாக இருப்பது அங்கேதான். அதனால் ஓரம் மட்டும் லேசாக மேடிட்டு, சிவந்து, செதில் உதிரும்; நடுவில் தோல் ஆறிவிட்ட மாதிரி தெளிந்திருக்கும். வட்டம் வெளிப்பக்கமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். காசு மாதிரி வட்டமாக வரும் நாணயக் கரப்பானில் நடு, ஓரம் என்ற வித்தியாசம் இருக்காது. வட்டம் முழுக்க நீர் கசிந்து பொருக்குத் தட்டும்.

சந்தேகமென்றால் சுரண்டல் சோதனை. விளிம்புச் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். தோல் செல்கள் கரைந்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழைகள் கிளைவிட்ட நூல் மாதிரித் தெரியும். நடுவில் சுரண்டினால் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. களிம்பு பூசிய தோலிலும் சிக்காமல் போகலாம். அதனால் பூச ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் களிம்பைப் பூசினால் மறைகிறது, ஒரே மாதத்தில் திரும்புகிறது. மருந்து சரியில்லையா?

பெரும்பாலும் பூசும் விதம்தான் காரணம். சிவப்பு தெரியும் இடத்தில் மட்டும் பூசுகிறீர்களா? பூஞ்சை ஏற்கெனவே அதைத் தாண்டிப் போயிருக்கும். விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. வரை, வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசுங்கள். தினம் இருவேளை. தோல் பார்க்கச் சுத்தமான பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். மொத்தம் எப்படியும் 4 வாரம் ஆகும்.

அடுத்தது அளவு. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். அந்தக் கணக்குப்படி இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு இருவேளை வீதம் 4 வாரத்துக்கு 28 கிராம். 15 கிராம் டியூபை ஒரு மாதம் இழுத்துப்பிடித்து ஓட்டினால் பாதி மருந்துதான் போயிருக்கிறது.

மூன்றாவது, துணி. உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பைத் தனியாக, முடிந்தால் 60 டிகிரி சூட்டில் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். காலில் சேற்றுப்புண்ணும் இருந்தால் உள்ளாடைக்கு முன் காலுறையை மாட்டுங்கள். இல்லையென்றால் பாதத்துப் பூஞ்சையைத் துணியோடு நீங்களே தொடை இடுக்குக்கு ஏற்றிவிடுகிறீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்யாமல் இது ஓயாது.

மூன்று மருந்து கலந்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை நிறுத்துகிறதே, அதைப் பூசலாமா?

கூடாது. அரிப்பை நிறுத்துவது அதிலுள்ள ஸ்டீராய்டு, அதாவது தோலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து. பூஞ்சையை எதிர்த்துத் தோல் நடத்தும் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். சண்டையை அடக்கிவிட்டால் பூஞ்சை சத்தமில்லாமல் படரும். விளிம்பு மங்கி, பார்க்கிறவருக்கும் அடையாளம் தெரியாது.

மேலே கேட்டவன்தான். பூஞ்சை மருந்தும் அதே டியூபில் இருக்கிறதே. அது கொல்லாதா?

நியாயமான வாதம், ஆனால் நாள் கணக்கு இடிக்கிறது. பூஞ்சை மருந்துக்கு 4 வாரம் வேண்டும். வீரியமான ஸ்டீராய்டைத் தொடை இடுக்கில் அத்தனை நாள் பூசினால் தோல் மெலியும், வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரி முழுதாக மறையாது. அதற்குப் பயந்து நாலு நாளில் நிறுத்தினால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். ஒரே டியூபில் இரண்டு காலக்கெடுவை அடைக்க முடியாது.

குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டமாகச் செதில். எந்தக் களிம்பு?

களிம்பு போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது. எடைக்கேற்ற அளவில் வாய்வழி மருந்து வாரக்கணக்கில் வேண்டும். நேரில் காட்டுங்கள்.

முதுகில் தேமல். படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபின் மாத்திரை போடலாமா?

வேலை செய்யாது. அது வேறு பூஞ்சை. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவைத் தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள், 5 நாள். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி மருந்து போடாதீர்கள்.

கால் நகம் தடித்து மஞ்சளாகிவிட்டது.

முதலில் நகத்துணுக்கைச் சோதியுங்கள். அடிபட்ட நகமும் சொரியாசிஸ் நகமும் இதே மாதிரிதான் இருக்கும். பூஞ்சை உறுதியானால் டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று, 12 வாரம். கை நகத்துக்கு 6 வாரம். ஈரல் சோதனை செய்யாமல் தொடங்க வேண்டாம். நகம் முழுசாக மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

எத்தனை நாள் பூச வேண்டும்?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

பூண்டு அரைத்துப் போடலாமா?

தோல் வெந்துபோகும். வேண்டாம்.

சர்க்கரை நோய் இருக்கிறது. விரலிடுக்கு வெடித்து, பாதம் வீங்கிச் சூடாக இருக்கிறது.

இது களிம்பு விஷயமே இல்லை. வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கலாம். இன்றே மருத்துவரிடம் போங்கள்.

படர்தாமரை உடம்பு முழுக்க இருக்கிறது. பூஞ்சைக்கான இட்ராகோனசோல் நானே வாங்கிப் போடட்டுமா?

இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது. நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டி, எழுதி வாங்குங்கள்.

எத்தனை நாள் பூசணும்? அரிப்பு நின்றதும் விட்டுவிடலாமா?

விடக்கூடாது, விடக்கூடாது, விடக்கூடாது. இரண்டாவது பதில்.

கலவைக் களிம்பு கேட்டவன்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், குளோபெட்டசால் என்று போட்டிருக்கிறது. மூன்று மாதமாகப் பூசுகிறேன்.

நிறுத்துங்கள். அது வீரியமான ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று வேறு ஸ்டீராய்டு இருந்தாலும் இதையேதான் சொல்வேன். நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலும் முன்பைவிடக் கூடும். நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி அதே டியூபை எடுத்துவிடாதீர்கள். அங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். மூன்று மாதம் ஆனதால் களிம்பு மட்டும் போதுமா என்பது சந்தேகம். தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்தப் பெட்டியைக் கையில் கொண்டுபோங்கள்.