லினக்ஸ் லெப்டொப் கொதிக்கிறதா? சிப்பைக் கழற்ற விடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கினேன். ஏஎம்டி ரேடியோன் கிராபிக்ஸ் கார்ட். கடையில் உபுண்டு லினக்ஸ் போட்டுத் தந்தார்கள். அன்றிலிருந்து ஃபேன் நிற்பதே இல்லை, பட்டரி ஒரு மணித்தியாலம்கூடத் தாங்குவதில்லை, திரை வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனும் வேலை செய்வதில்லை. கிராபிக்ஸ் பவர் மனேஜ்மென்ட் முடங்கிவிட்டது, சிப்பைக் கழற்றி ரீபோல் செய்யக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் கடைக்காரர். அனுப்பட்டுமா?”

அனுப்ப வேண்டாம் டீச்சர். முற்பணமும் கொடுக்காதீர்கள். வெளிச்சப் பட்டன் வேலை செய்யவில்லை என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், சும்மா இருக்கும்போது அதைத் தூங்க வைப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் இருக்கும் டிரைவரின், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளின் வேலை. அந்த டிரைவர் ஏறவே இல்லையென்றால் பவர் மனேஜ்மென்டும் இல்லை. திரையில் படம் வரைகிற வேலை முழுக்கப் புரொசசரின் தலையில் விழும். அது கொதிக்கும், ஃபேன் கத்தும், வெளிச்சப் பட்டனும் செத்துக் கிடக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திருமலையில் கேட்கவே வேண்டாம்.

டிரைவர் ஏறாமல் போவதற்கு நான் அதிகம் காணும் காரணம் ‘நோமோட்செட்’ (nomodeset) என்கிற ஒரே ஒரு சொல். லினக்ஸ் போடும்போது திரை கறுத்துப்போனால், டிரைவரை ஒதுக்கிவிட்டு ஏறச் சொல்லி இதைச் சேர்ப்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுப்பதில்லை! பிறகு வாடிக்கையாளர் சூடு என்று வந்து நின்றால் சிப் போய்விட்டது என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ரீபோல் என்றால் சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, அடியில் புது ஈயக் குண்டுகள் வைத்துத் திரும்ப ஒட்டுவது. கை தவறினால் போர்டே போய்விடும். உண்மையில் சிப் பழுது என்றால் பெரும்பாலும் லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே, மெஷினைப் போட்டதும் வரும் பயோஸ் திரையிலேயே கோடும் புள்ளியும் தெரியும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே.

நீங்களே பார்க்கலாம். மெஷினைப் போட்டவுடன் எஸ்கேப் பட்டனை ஒரு தடவை தட்டுங்கள் (பழைய மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்). எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் ‘ஈ’ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிப் பக்கம் பாருங்கள். அந்தச் சொல் இருந்தால் அதை மட்டும் அழித்து எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்குத்தான். திரை கறுத்தாலும் பயமில்லை, அணைத்துப் போட்டால் பழையபடி வரும். அப்படிக் கறுத்தால் கார்டுக்குள் ஓடும் மென்பொருள் (ஃபேர்ம்வெயார்) அடங்கிய லினக்ஸ்-ஃபேர்ம்வெயார் பொதியை அப்டேட் செய்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். சரியாக ஏறி ஃபேன் அடங்கினால், ஈடிசி, டிபோல்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பிலும் (/etc/default/grub) அதே சொல்லை அழித்து, சுடோ அப்டேட்-கிரப் (sudo update-grub) கட்டளையைக் கொடுங்கள்.

அதே வரியில் ‘ஏஎம்டிஜிபியு டொட் ரன்பிஎம் சமன் பூச்சியம்’ (amdgpu.runpm=0) என்றும் இருந்தால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். இரண்டு கார்ட் உள்ள லெப்டொப்பில் இரண்டாவது கார்ட் 5 விநாடி சும்மா இருந்தால் தூங்கப் போகும். சில மெஷின்கள் அதை எழுப்பும்போது அப்படியே உறைந்துவிடும். அவற்றுக்கு இந்தப் பூச்சியம் தேவை. அது இருந்தாலும் வேகம் கூடிக் குறைவது நடக்கும். கார்ட் முழுதாகத் தூங்காது, பட்டரி கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். நோமோட்செட்டை எடுத்த பிறகு இதையும் ‘ஈ’ வழியாகத் தற்காலிகமாக அழித்து, அரைநாள் பாவித்துப் பாருங்கள். உறைந்தால் விட்டுவிடுங்கள். புதுக் கேர்னல் வந்ததும் திரும்பச் சோதிக்கலாம், திருத்தம் வந்திருக்கக்கூடும்.

உங்களுடையது என்விடியா இல்லை என்பது நல்லது. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து அந்த நிறுவனம் கையொப்பமிட்ட ஃபேர்ம்வெயார் இல்லாமல் நுவோ என்ற திறந்த மூல டிரைவரால் கார்டின் வேகத்தை மாற்ற முடியாது. டூரிங் (ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகள்) கார்டுகளும் அதற்குப் பிந்தியவையும் 2024 ஜனவரியில் வந்த கேர்னல் 6.7 மூலம்தான் தப்பின. 900, 1000 வரிசைகள் நுவோவில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய கார்டின் வேகத்தை வாங்கியவர் மாற்ற முடியாது என்பது என்ன நியாயம்? இரண்டாம் கையாக லினக்ஸுக்கென்று வாங்குகிறவர்கள் கார்டின் பெயரைக் கேட்காமல் காசை நீட்டாதீர்கள்.

டீச்சர், அந்த நீண்ட வரியைப் போனில் படம் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கடைக்காரர் திரும்பவும் ரீபோல் என்றால் அந்தப் படத்தைக் காட்டி, இந்தச் சொல்லைச் சேர்த்தது யார் என்று கேளுங்கள்.