பம்ப் அலாரம் காதில் விழவில்லை என்றால்

“எனக்கு 58 வயது. முப்பது வருடமாக டைப் 1 நீரிழிவு. எட்டு மாதமாக இன்சுலின் பம்ப் போட்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் காலையில் எழுந்தபோது சர்க்கரை 19.4 (mmol/L), கூடவே குமட்டல். பம்பைப் பார்த்தால், அடைப்பு என்று விடியற்காலை 4.40க்கே அலாரம் அடித்திருக்கிறது. எனக்குக் கேட்கவே இல்லை. கணவருக்கு இரவு வேலை, மகன் ஜூரோங்கில் இருக்கிறான். பகலில் எம்ஆர்டியிலும் பல முறை தெரியாமல் போகிறது. என்ன செய்யலாம்?” என்று ஈசூன் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் பயம் நியாயமானது. பம்பில் ஓடுவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் ஒன்று உடம்பில் இருந்தது, இப்போது அது கிடையாது. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் அமிலம், ஏறத் தொடங்கிவிடும். அன்று வந்த குமட்டலுக்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

முதலில் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பம்பின் ஒலியோ பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு அது போர்வைக்கு அடியில் இருக்கிறது, ஏர்கான் வேறு ஓடுகிறது. இது உங்கள் அலட்சியம் இல்லை.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரும் அதன் செயலியும் உங்களிடம் இருந்தால் எச்சரிக்கையைக் கைபேசிக்கு வர வையுங்கள். பம்பின் சொந்த அலாரமும் செயலிக்கு வருமா என்பது பம்பைப் பொறுத்தது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கைபேசியைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே, ஓர் எவர்சில்வர் தட்டின் மேல் வையுங்கள். வைப்ரேட் ஆகும்போது தட்டு கடகடவென்று அதிரும். பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், நன்றாகவே உதவுகிறது. ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு அறையில் தூங்காதீர்கள். புளூடூத் சில மீட்டர் தூரம்தான் எட்டும். நடுவில் நம் வீவக வீட்டு பாம் ஷெல்ட்டரின் கான்கிரீட் சுவர் இருந்தால் அதுவும் எட்டாது. ‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் ஒலிக்கும்படி அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள். கைபேசி அப்டேட் ஆன பிறகெல்லாம் அந்த அனுமதி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை அளவை மகனின் கைபேசியிலும் தெரிய வைக்கலாம். ஜூரோங்கிலிருந்து அவர் ஒரு போன் போட்டு எழுப்பினாலே போதும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் பம்பும் சென்சாரும் ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்துகின்றன? ‘ஹை’ எல்லையை 10 என்று வைத்தால் சோறு சாப்பிடும்போதெல்லாம் அடிக்கும். நாளுக்குப் பதினைந்து தடவை அடிக்கும் மணியை மூளை கேட்காமல் விட்டுவிடும், அல்லது தூக்கத்திலேயே கை தானாகப் போய் அமத்திவிடும். நோயாளிகளின் சிரமம் புரியட்டும் என்று, உப்புநீர் நிரப்பிய பம்பை நானும் ஒரு வாரம் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். மூன்றாம் இரவு அலாரத்தை நானே நிறுத்தியிருக்கிறேன், காலையில் எனக்குத் துளியும் நினைவில்லை. ஆகவே உங்கள் நீரிழிவுத் தாதியுடன் உட்கார்ந்து ‘ஹை’ எல்லையைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று பேசுங்கள். ‘லோ’ எல்லையில் மட்டும் கை வைக்காதீர்கள். சென்சார் உள்ள கைப்பக்கம் சாய்ந்து படுத்தாலும் அழுத்தத்தில் பொய்யான ‘லோ’ காட்டும், அதனால் படுக்கும் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். வெற்று அலாரம் குறையக் குறைய, உண்மையானது உறைக்கும்.

அப்புறம், அலாரமே அடிக்காத கோளாறும் உண்டு. அடைப்பைப் பம்ப் அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. உதாரணத்துக்கு, இரண்டு யூனிட் தேங்கிய பிறகே அழுத்தம் போதிய அளவு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மணிக்கு அரை யூனிட் ஓடினால் நான்கு மணி நேரம் கழித்துத்தான் அலாரம் வரும். உங்களுக்கு 4.40க்கு அடித்தது என்றால், கோளாறு நள்ளிரவிலேயே தொடங்கியிருக்கக்கூடும். தோலுக்குள் இன்சுலினைக் கொண்டுபோகும் சிறு குழாயான கேனுலா நழுவி இன்சுலின் வெளியே கசிந்தாலோ அழுத்தமே ஏறாது, அலாரமும் வராது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து, பிளாஸ்டர் விட்டுப்போவது சாதாரணம். அந்த இடத்தைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். ஈரமும் மருந்து நெடியும் இருந்தால் கசிவுதான்.

எனவே காரணம் தெரியாமல் சர்க்கரை 14ஐத் தாண்டினால் அதையே அலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள், இரத்தக் கீட்டோனும் பாருங்கள். கீட்டோன் 0.6க்கு மேல் இருந்தாலோ, பம்ப் வழியாகக் கொடுத்த இன்சுலினால் ஓரிரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்காவிட்டாலோ, பம்பை நம்பாமல் பேனா ஊசியால் போட்டுக்கொண்டு, பம்பின் குழாயும் கேனுலாவும் சேர்ந்த செட்டை மாற்றுங்கள். எத்தனை யூனிட் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். கீட்டோன் 1.5ஐத் தாண்டினால் உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். 3.0 ஆகிவிட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், முடியாவிட்டால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுவீர்கள் இல்லையா, அதைக் காலையில் செய்யுங்கள். படுக்கும் முன் மாற்றினால், கோளாறு வருவது நீங்கள் தூங்கும்போதுதான்.

பகலுக்கு வருவோம். சேலைக்கும் பாவாடைக்கும் மேலே இடுப்பில் செருகினால் வைப்ரேட் தெரியாது. உள்ளாடையோடு ஒட்டிய சிறு பையிலோ தொடைப் பட்டையிலோ, உடம்பில் படும்படி வையுங்கள். எம்ஆர்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலிலும் கல்யாணத்திலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று அலாரத்தை அமத்திவிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பார்த்தால் பார்க்கட்டும், அது உங்கள் உயிருக்காக அடிக்கும் மணி.

‘லோ’ அலாரத்துக்காகப் பையில் பாக்கெட் பானம் வைத்திருப்பீர்கள், பானத்தின் சர்க்கரை அளவைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தை அதில் பாருங்கள். 2022 டிசம்பர் 30 அன்று அந்த முறை நடைமுறைக்கு வந்த பிறகு கடைகளில் சர்க்கரை குறைந்த பானங்கள் நிறைய வந்துவிட்டன. ‘பி’ என்றால் 100 மில்லிக்கு 5 கிராம்தான் உச்சம், 250 மில்லி முழுக்கக் குடித்தாலும் 12.5 கிராமைத் தாண்டாது. ‘ஏ’ என்றால் 2.5 கிராமைக்கூடத் தாண்டாது. சர்க்கரை 4க்குக் கீழே இறங்கினால் உங்களுக்குத் தேவை 15 கிராம். குளுக்கோஸ் மாத்திரையே நல்லது, பையில் ஒரு டப்பா, தலையணைக்குப் பக்கத்தில் அந்த எவர்சில்வர் தட்டருகே ஒரு டப்பா.