குட்டை மீன் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளப்பது பற்றி

குட்டையில் சாணம், தவிடு இரண்டும் போடுவதை இன்றே நிறுத்துங்கள். பென்னாகரத்தில் உங்கள் பண்ணைக்குட்டையின் கட்லா மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளப்பது பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான். நீங்கள் சொன்னபடி ஆட்டுக்கொட்டகைக் கழிவு மொத்தமும் குட்டைக்குள் போனால் பாசி பெருகும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். கழிவை வீணாக்கக் கூடாது என்று மீன் வளர்ப்புப் பயிற்சியில் கேட்டது மனதில் நிற்கிறது, எவ்வளவு போடலாம் என்ற அளவு நிற்பதில்லை.

விடியும் முன் மோட்டார் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு, சிதறினால்தான் சேரும்.

வெயிலில் கையை நேராக நீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம். தெளியும்வரை சாணம் வேண்டாம்.

உடம்பில் புண் இருந்தாலோ, நாள் முழுக்க மிதந்தாலோ இது வேறு பிரச்சினை. அப்போது பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.