காந்தத் தண்டவாளத்தில் குண்டு நிற்காமல் சுற்றுமா?

"இரண்டு வரிசைக் காந்தங்களை வி வடிவில் ஒட்டி ஒரு சரிவு செய்தேன். பால்ரஸ் குண்டு தானாக மேலே ஏறுகிறது. இதையே வட்டமாக்கினால் நிற்காமல் ஓடுமா?" என்பது கேள்வி.

ஓடாது. ஆனால் குண்டு ஏறியது உண்மைதான், அந்த இடம் அருமையானது. வாய்ப்பக்கம் காந்தங்கள் விலகியிருக்கின்றன, மேலே நெருங்குகின்றன. வலுக்குறைந்த காந்தப் புலத்திலிருந்து வலுவான புலத்துக்குப் போவது குண்டுக்குப் பள்ளத்தில் உருள்வது மாதிரி. சிக்கல் மேல் முனையில். அங்கே குண்டு 'டக்'கென்று நின்று நடுங்கும், பார்த்திருப்பீர்கள். புலத்தை விட்டு வெளியேற, உள்ளே வரும்போது கிடைத்த ஆற்றல் அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். அதனால் புறப்பட்ட இடத்துக்கு எப்போதும் கொஞ்சம் ஆற்றல் குறைந்துதான் வந்து சேரும்.

1648-லேயே ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் இதே போன்ற காந்தச் சரிவை விவரித்தார். குண்டை மேலே இழுக்கும் அளவுக்கு வலுவான காந்தம், அதைத் திரும்பிவர உச்சியருகே வைத்த ஓட்டை வழியே கீழே விழவும் விடாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, சோதிப்பது எப்படி? மரம் அல்லது பிளாஸ்டிக்கில் பாதை செய்யுங்கள். குண்டைக் கையால் வாயருகே வைப்பதுதான் பலரும் ஏமாறும் இடம், அந்த ஆற்றல் உங்கள் கையிலிருந்து வந்தது. அப்புறம், ஒரு சுற்று முடிந்து குண்டு தானாக வந்து நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அங்கிருந்தே, தள்ளாமல், மறுபடி புறப்படுகிறதா என்று பாருங்கள்.