அண்ணன் சொல்வது அமெரிக்காவுக்குச் சரி, டோக்கியோவுக்கு இல்லை

தம்பி, டோக்கியோவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறீங்க. கூடப் படிக்கிறவங்க இப்பவே வேலை தேட, நேர்காணலுக்குப் போடுற கருப்பு கோட்சூட் வாங்க ஓடுறாங்க. அமெரிக்காவில் இருக்கிற உங்க அண்ணனோ "டிகிரி வரட்டும், ஒரு வருஷம் ஊர் சுத்திட்டு வேலை தேடு"ன்னு சொல்றார். யார் பேச்சைக் கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. இந்த விஷயத்தில் கோட்சூட் பக்கம் போங்க.

அமெரிக்காவில் இடம் காலியானால், அந்த வேலை தெரிந்த ஆளை எடுப்பாங்க. ஜப்பானில் பெரிய கம்பெனிகள் மார்ச்சில் படிப்பு முடிக்கிறவங்களை ஏப்ரல் 1 அன்று கூட்டமாகச் சேர்த்துக்கும். அரசு அட்டவணைப்படி மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச்சில் விளக்கக் கூட்டம், ஜூனில் நேர்காணல், அக்டோபர் 1 முதல் முறையான நியமன உறுதி. நடைமுறையில் எல்லாம் இதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிடும்.

இலக்கியம் படிச்சவர் வங்கிக்குப் போறது ஜப்பானில் சகஜம், வேலையைக் கம்பெனியிலேயே கத்துக்கொடுப்பாங்க. நேர்காணலில் "கல்லூரியில் எதுக்காக ரொம்ப உழைச்சே?"ன்னு கட்டாயம் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு 'ககுச்சிகா'ன்னு பேரே இருக்கு. பகுதிநேரமாகக் கடையில் நின்ன கதைகூட எடுபடும்.

'புதுப் பட்டதாரி' அந்தஸ்தை இழக்கக் கூடாதுன்னு, வேலை கிடைக்காதவங்க சிலர் வேணும்னே ஒரு வருஷம் பட்டம் வாங்காம தள்ளிப்போடுறாங்க. அண்ணன்கிட்ட சொல்லிப் பாருங்க, நம்பமாட்டார். பட்டம் வாங்கி மூணு வருஷம் வரை புதுசாகவே கருதணும்னு 2010இல் அரசு கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது உண்மைதான். ஆனா உங்களுக்கு விசா சிக்கலும் இருக்கு. படிப்பு முடிச்சபின் வேலை தேட ஆறு மாசம், ஒருமுறை நீட்டிக்கலாம், அதுக்கும் கல்லூரியின் பரிந்துரை வேணும். ஊர் சுத்த அந்த விசா கிடையாது.