அப்பாவிடம் விசா கேட்ட போலீஸ்: உங்கள் கேள்விக்கு

பின்விளக்கு எரியவில்லை என்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உங்கள் காரை நிறுத்திய போலீஸ்காரர், பின்சீட்டில் இருந்த அப்பாவிடம் விசா கேட்டது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கவே கோபமாக வந்தது. அங்கே 2010-இல் வந்த எஸ்பி 1070 என்ற மாநிலக் குடியேற்றச் சட்டத்தில், வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறார் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்கலாம் என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 2012-இல் விட்டுவைத்தது உண்மைதான், ஆனால் தோல் நிறத்தை வைத்துச் சந்தேகப்பட அது அனுமதி இல்லை. அரிசோனாவின் மாரிகோபா கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் லத்தீன் வம்சாவளியைக் கணக்கில் எடுத்து வண்டிகளை மடக்கியது அரசியல் சட்ட விரோதம் என்று 2013-இல் கூட்டாட்சி நீதிபதியே தீர்ப்பளித்திருக்கிறார்.

நேரம், இடம், பேட்ஜ் எண் எல்லாவற்றையும் மறப்பதற்கு முன் இன்றே எழுதிவையுங்கள். அப்புறம், போலீஸ்காரரின் உடல் கேமரா பதிவைக் கேட்டு உடனே மனுக் கொடுங்கள், இத்தகைய பதிவுகளைக் காலம் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள். விளக்குக்கான சீட்டு கொடுத்த பிறகும் பிடித்து வைத்திருந்தார்களா என்பது முக்கியம், 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தகுந்த சந்தேகம் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது. அப்பா ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) நகலைக் கையில் வைத்திருக்கட்டும், பொய் மட்டும் சொல்ல வேண்டாம். புகார் கொடுக்குமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.